தலைக்கணுவின் பெயர்ச்சி

1

'பெயர்ச்சி' என்ற சொல்லைத் திருநள்ளாற்றில் இருப்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை சனி ஓர் இராசியை விட்டு அடுத்த இராசிக்குப் பெயர்கிறார். அந்த நாளில் எங்கள் ஊரின் தெருக்கள் எங்களுக்குச் சொந்தமாக இருப்பதில்லை. இருக்கும் வீடு மாறினாலும் கோளும் அதன் அதிகாரமும் மாறுவதில்லை என்பதே பெயர்ச்சியின் பொருள்.

கணினி உலகிலும் இத்தகைய பெயர்ச்சி ஒன்று உண்டு. பலநூறு கணினிகளைப் பிணைத்து ஒரே கருவியாக இயக்கும் அமைப்பில் அவை அனைத்தையும் ஆளும் தலைமைக் கணினி ஒன்று இருக்கும். அது முதுமை அடைந்ததும் அதன் பொறுப்புகள் அனைத்தையும் ஒரு புதிய கணினிக்கு மாற்றியாக வேண்டும். கணினிப் பொறியாளர்கள் இதைத் தம் அன்றாடப் பணிகளுள் ஒன்றாகக் கருதிச் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆனால் ஏட்டுச்சுவடிகளின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இதில் பழக்கமான ஒரு கேள்வி தென்படும். தாங்கியிருக்கும் பொருள் அழியும்போது தாங்கப்பட்ட நினைவை எப்படி அடுத்த பொருளுக்குக் கொண்டுசெல்வது? இக்கட்டுரை அந்தக் கேள்வியைக் கணினியின் பக்கத்திலிருந்து அணுகுகிறது.

2

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். 'க்ளஸ்டர்' எனப்படுவதைக் கொத்துக்கணினி என்று கூறலாம். ஒரே கணினியால் ஓராண்டில் முடிக்கக்கூடிய கணக்கைத் துண்டுகளாகப் பிரித்து நூறு கணினிகளிடம் கொடுத்தால் சில நாட்களில் முடிந்துவிடும். எல்லாக் கணக்குகளும் அப்படிப் பிரிய இசைவதில்லை என்றாலும் அறிவியலின் பெருங்கணக்குகள் பல இசையும். இந்த நூறு கணினிகளில் ஒவ்வொன்றையும் கணு என்பர். கணுக்கள் தமக்குள் விரைவான வலைப்பின்னல் ஒன்றால் இணைக்கப்பட்டிருக்கும்.

கணுக்களுக்குத் தனி அடையாளமோ விருப்பமோ இல்லை. எது எப்போது எந்த வேலையைச் செய்ய வேண்டும், யார் வேலை கொடுக்கலாம், யாருடைய கோப்பு எங்கே இருக்கிறது என்பவற்றை முடிவுசெய்வது தலைக்கணு அல்லது மேலாண்மை வழங்கி எனப்படும் ஒரு கணினிதான். டெல்டா மாவட்டத்து வாசகர்களுக்கு நடவு வயலைக் காட்டிச் சொல்லலாம். வரிசையாக நின்று நாற்று நடும் பெண்கள் பலர். வரப்பில் நின்று யார் எந்தப் பாத்திக்கு, யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்பதையெல்லாம் மனத்தில் வைத்திருப்பவர் ஒருவர். அந்த ஒருவர் ஒரு நாற்றையும் நடுவதில்லை. ஆனால் அவர் வராத நாளில் நடவு நடக்காது.

தலைக்கணுவும் அப்படித்தான். அது பெரும்பாலும் கணக்கு எதையும் போடுவதில்லை, நினைவில் வைத்திருக்கிறது.

3

இத்தகைய கருவிகளின் வரலாற்றில் 1994ஆம் ஆண்டு முக்கியமானது. அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் கோடர்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் ஆகிய இருவரும் கடையில் கிடைக்கும் சாதாரணக் கணினிகள் பதினாறைச் சாதாரண ஈதர்நெட் கம்பியால் பிணைத்து, இலவசமாகக் கிடைத்த லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடவிட்டார்கள். பல கோடி விலையுள்ள மீக்கணினிகள் சிலவற்றையே செய்ய வைத்திருந்த காலத்தில், ஒரு பல்கலைக்கழகத் துறை தன் சொந்த நிதியிலேயே வாங்கக்கூடிய பெருங்கணினி என்ற எண்ணத்தை அது விதைத்தது.

அக்கருவிக்கு அவர்கள் இட்ட பெயர் பேவுல்ஃப். பழைய ஆங்கிலக் காப்பியம் ஒன்றின் பெயர் அது. அந்தக் காப்பியம் நமக்குக் கிடைத்த கதை, அந்தக் கருவியின் கதைக்குத் தொடர்பில்லாதது அல்ல. பேவுல்ஃப் காப்பியத்துக்கு உலகில் ஒரே ஒரு கைப்பிரதிதான் உண்டு. 1731 அக்டோபர் 23 அன்று அப்பிரதி இருந்த காட்டன் நூலகத்தில் தீப்பற்றியது. பிரதி எரிந்துபோகவில்லை, ஆனால் ஓரங்கள் கருகின. கருகிய ஓரங்கள் அடுத்துவந்த ஆண்டுகளில் சிறிது சிறிதாக உதிர்ந்து எழுத்துகளையும் உதிர்த்தன. 1780களின் இறுதியில் ஐஸ்லாந்தைச் சேர்ந்த தோர்கெலின் என்னும் அறிஞர் அதற்கு இரு படிகள் எடுக்கச் செய்தார். ஒன்றைக் கூலிக்கு ஒருவர் எழுதினார், மற்றொன்றைத் தோர்கெலினே எழுதினார். இன்று மூலப் பிரதியில் இல்லாத சுமார் இரண்டாயிரம் எழுத்துகள் அந்தப் படிகளால்தான் தெரியவருகின்றன.

தப்பிப் பிழைத்தது பிரதிதான், ஆயினும் அதைப் பிழைக்க வைத்த பணியில் படியெடுத்தவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பெயரிட்டவர்கள் இதை நினைத்துப் பெயரிட்டிருக்க வேண்டியதில்லை. எனினும் கொத்துக்கணினிகளின் முப்பதாண்டு வரலாற்றைப் பார்க்கும்போது அந்தப் பெயர் பொருத்தமாகிவிடுகிறது.

4

இந்தியாவில் இந்த வரலாறு வேறொரு தொடக்கத்திலிருந்து வருகிறது. மீக்கணினிகளைப் பெறுவதில் அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் தடையாக இருந்த சூழலில், 1988இல் புனேயில் சி-டாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் 1991இல் பரம் 8000 என்னும் இணைக்கணினி உருவாயிற்று. அது அரசின் பெருந்திட்டம். பேவுல்ஃப் வழி அதனினும் எளியது. ஒரு துறையினர் தாமே கூடிக் கட்டிக்கொள்ளும் வழி.

தமிழகத்தில் அவ்வழியில் எழுந்த கருவிகளில் குறிப்பிடத்தக்கது கப்ரு. சென்னை தரமணியில், 1962இல் அல்லாடி இராமகிருஷ்ணன் நிறுவிய கணித அறிவியல் நிறுவனத்தில் 2004இல் அது இயங்கத் தொடங்கியது. 144 கணுக்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு செயலிகளாக மொத்தம் 288. கணுக்கள் ஒவ்வொன்றும் முப்பரிமாணத்தில் தம் அண்டைக் கணுக்களோடு பிணைக்கப்பட்டிருந்தன. இயற்பியலாளர் என். டி. ஹரிதாஸ் அம்முயற்சியில் முன்னின்றார். அணுக்கருவுக்குள் குவார்க்குகளைப் பிணைத்து வைக்கும் விசையை ஆராய, வெளியையும் காலத்தையும் ஒரு பின்னலாக எண்ணிக் கணக்கிடும் துறைக்காகவே அது முதன்மையாகக் கட்டப்பட்டது. பின்னலில் ஒரு புள்ளி தன் அண்டைப் புள்ளிகளோடுதான் உறவாடும். ஆகவே கணுக்களும் அண்டையரோடு பேசும்படி அமைந்தன. ஆராயும் பொருளின் வடிவமே கருவியின் வடிவமாகவும் ஆனது.

2004 ஜூன் மாதம் வெளியான உலகின் 500 விரைவுக் கணினிகளின் பட்டியலில் கப்ரு 264ஆம் இடம் பெற்றது. அதன் வேகம் ஒரு டெராஃப்ளாப்பை நெருங்கியது. அதாவது நொடிக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி பதின்மக் கணக்குகள். அந்நிறுவனத்தில் பின்னர் வந்த கருவிகளுக்கும் அன்னபூர்ணா, நந்தாதேவி என மலைப்பெயர்களே சூட்டப்பட்டன. கப்ருவும் இமயத்தின் ஒரு சிகரம்தான்.

இந்த வேகம் இன்று பழங்கதை. 2022 மே 25 அன்று திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிவைக்கப்பட்ட பரம் பொருள் 838 டெராஃப்ளாப் வேகமுடையது. பதினெட்டே ஆண்டுகளில் எண்ணூறு மடங்குக்கும் மேல். மலை அசையாது, மலைப்பெயர் தாங்கிய கருவிக்கோ ஆயுள் ஏழெட்டு ஆண்டு. ஆகவே இத்தகைய கருவியை வைத்திருக்கும் ஒவ்வோர் இடத்திலும் பெயர்ச்சி என்பது தவிர்க்க முடியாத சடங்கு.

5

இந்தச் சடங்கில் எது பெயர்கிறது என்று பார்ப்போம்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் டியாகோ மீக்கணினி மையத்தில் பிலிப் பாப்படோபுலஸ், மேசன் காட்ஸ், கிரெக் புருனோ முதலானோர் உருவாக்கிய ராக்ஸ் என்னும் மென்பொருள் தொகுப்பு, சிறு கல்லூரிகளும் கொத்துக்கணினி அமைக்க வழிசெய்தது. அதன் அடிப்படைக் கொள்கை விந்தையானது. ஒரு கணு சரியாக இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம்; ஐயம் வந்தால் அதை முழுதும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவிவிடு. சில நிமிடங்களில் அது புதிதாகப் பிறந்துவிடும். கணுவில் நினைவு எதுவும் இல்லை என்பதால் அது அழிவதில் இழப்பும் இல்லை.

இக்கொள்கையின் மறுபக்கம் என்னவென்றால், நினைவு முழுவதும் தலைக்கணு ஒன்றிலேயே குவிந்துவிடுகிறது. அதை அழித்து மீண்டும் நிறுவினால் வெற்றுக் கணினிதான் கிடைக்கும். ஆகவே ராக்ஸ் தொகுப்பை உருவாக்கியவர்களே, பெயர்ச்சிக்கு முன் தலைக்கணுவின் பயனர் பட்டியலையும் கணுக்களின் விவரங்களையும் வலைப்பின்னல் அமைப்பையும் திரட்டிக் கட்டி எடுத்துக்கொள்வதற்கு ஒரு தனிச்சுருளை வைத்தார்கள். 'ரோல்', அதாவது சுருள் என்றே அதற்குப் பெயர். நம் ஓலைச்சுருள் நினைவுக்கு வருகிறது.

சுருளில் எடுத்துச்செல்ல வேண்டியவை எவை? முதலாவது, பயனர் கணக்குகள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. லினக்ஸ் இயங்குதளம் கோப்பின் உரிமையாளரைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. நிலத்தைப் புல எண்ணால் அறிவதைப்போல. பழைய ரெட் ஹாட் வழி இயங்குதளங்களில் பயனர் எண்கள் 500இல் தொடங்கின. ஏழாம் பதிப்பிலிருந்து 1000இல் தொடங்கின. பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்துப் புதிய கணினியில் கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தால், பெயர்கள் எல்லாம் சரியாகவே இருக்கும், எண்கள் மாறியிருக்கும். விளைவாக, ஓர் ஆய்வாளர் ஐந்தாண்டு உழைத்துச் சேர்த்த கோப்புகள் யாருக்கும் உரியவை அல்லாதவை ஆகிவிடும். அல்லது இன்னொருவருக்கு உரியவை ஆகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. மறுநாள் அந்த ஆய்வாளர் தம் கோப்பைத் திறக்க முயலும்போதுதான் தெரியும்.

இரண்டாவது, கணுக்களின் அடையாளம். கணு ஒன்று விழித்தெழும்போது அதற்குத் தன் பெயர்கூடத் தெரியாது. வலைப்பின்னலில் 'நான் யார்?' என்று கூவுகிறது. தலைக்கணு அதன் வலையட்டையில் பொறித்த முகவரி எண்ணைப் பார்த்து, நீ பதினேழாம் கணு, உன் முகவரி இது, உன் இயங்குதளம் இதோ என்று எடுத்துக் கொடுக்கிறது. இந்தப் பட்டியல் பெயராவிட்டால் கணுக்கள் அநாதைகள்.

மூன்றாவது, வேலை வரிசை. யாருடைய வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, யார் காத்திருக்கிறார்கள், இந்த மாதத்தில் எந்தத் துறை எவ்வளவு நேரம் பயன்படுத்தியது என்னும் கணக்கு. நான்காவது, நம்பிக்கைச் சாவிகள்: ஒரு கணினி மற்றொரு கணினியை 'இது நம் தலைவன்தான்' என்று அறிந்துகொள்ளும் மறைகுறிகள். புதிய தலைக்கணு பழைய பெயரோடு, ஆனால் புதிய சாவியோடு வந்தால் மற்றவை அதை ஆள்மாறாட்டக்காரனாகவே கருதி எச்சரிக்கும்.

6

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு, அது நேரம். திருநள்ளாற்றுக்காரர்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம்.

எங்கள் கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17 அன்று கும்பத்துக்குப் பெயர்ந்த சனி, வாக்கியப்படி 2023 டிசம்பர் 20 அன்றுதான் பெயர்ந்தார். இடையில் பதினொரு மாதங்கள். சனி பெயர்ந்துவிட்டாரா இல்லையா என்று அந்தப் பதினொரு மாதமும் தமிழ்நாட்டில் இரு விடைகள் இருந்தன. மனிதர்கள் இரு விடைகளோடு வாழ்ந்துவிடுவார்கள்.

கணுக்களால் அது முடியாது. வேலைகளைப் பகிர்ந்தளிக்கும் ஸ்லர்ம் என்னும் மென்பொருளும் அதற்குத் துணையாக அடையாளச் சீட்டு வழங்கும் மஞ்ச் என்னும் நிரலும் உலகின் பல கொத்துக்கணினிகளில் இன்று இயங்குகின்றன. மஞ்ச் வழங்கும் ஒவ்வொரு சீட்டிலும் நேரம் பொறிக்கப்பட்டிருக்கும். வழக்கமான அமைப்பில் அதன் ஆயுள் 300 நொடி. புதிய தலைக்கணுவின் கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிந்தியிருந்தாலோ முந்தியிருந்தாலோ அது கொடுக்கும் சீட்டைக் கணுக்கள் செல்லாததென்று திருப்பிவிடும். எல்லாம் சரியாக இருந்தும் எதுவும் நடக்காது. ஆகவே பெயர்ச்சியில் முதலில் சரிபார்க்க வேண்டியவற்றுள் ஒன்று கடிகாரம்.

இரண்டு அதிகாரங்கள் ஒரே வேளையில் பேசுவதும் ஆகாது. புதிய தலைக்கணுவை முன்கூட்டியே முழுமையாக ஆயத்தம் செய்துவைக்கலாம். ஆனால் பழையது பணியில் இருக்கும்வரை அது கணுக்களின் வலைப்பின்னலில் வாய் திறக்கக் கூடாது. திறந்தால், 'நான் யார்?' என்ற கேள்விக்கு இரு விடைகள் கிளம்பும். எந்த விடை முந்துகிறதோ அதற்கேற்பப் பாதிக் கணுக்கள் ஒரு பக்கமும் பாதி மறுபக்கமும் சாயும்.

ஆகவே அனுபவமுள்ள நிர்வாகிகள் ஒரு முறையைப் பின்பற்றுகிறார்கள். சில வாரங்களுக்கு முன்பே நாள் குறித்து அறிவிப்பார்கள். புதிய வேலைகளை ஏற்பதை நிறுத்தி, ஓடுபவை முடியும்வரை காத்திருப்பார்கள். கோப்புகளை முன்னரே ஒருமுறை படியெடுத்து வைத்திருந்து, கடைசி நாளில் மாறியவற்றை மட்டும் மீண்டும் எடுப்பார்கள். பழைய கணினியை வலைப்பின்னலிலிருந்து விலக்கிவிட்டு, அதன் பெயரையும் முகவரியையும் புதியதற்குச் சூட்டுவார்கள். முதலில் ஒரே ஒரு கணுவை எழுப்பிப் பார்ப்பார்கள். அது சரியாக எழுந்தால் பிறவற்றை எழுப்புவார்கள். பழைய கணினியை அழிக்க மாட்டார்கள். சில மாதங்களேனும் அது அணைத்தபடி ஒரு மூலையில் இருக்கும். கூடுவிட்டுக் கூடு பாய்ந்த திருமூலர் திரும்பி வந்து தேடியபோது அவர் காப்பாக வைத்துச் சென்ற உடல் அங்கே இல்லை என்பது பெரிய புராணம் சொல்லும் கதை. இறைவன் திருவருளாகவே அதை அவர் ஏற்றுக்கொண்டார். கணினி நிர்வாகிக்கு அந்த ஆறுதல் கிடைக்காது.

ஆட்சிகளும் இப்படிப் பெயர்ந்ததுண்டு. எங்கள் காரைக்காலே அதற்குச் சான்று. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசம் வந்த காரைக்கால், 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்ததன் பின், நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவிடம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான மாற்றம் 1956 மே 28 உடன்படிக்கையில் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் நிறைவேறியது. இடைப்பட்ட ஏறத்தாழ எட்டு ஆண்டுகளில் நிர்வாகம் புதியதாகவும் சட்டப் பெயர் பழையதாகவும் இருந்தன. பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் தூக்கியெறியப்படவில்லை. உடன்படிக்கையின்படி குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள நேர்ந்த குடும்பங்களுக்கு அந்தப் பதிவேட்டின் ஒரு வரியே வாழ்க்கையாயிற்று. கொடியை இறக்கி மற்றொன்றை ஏற்ற ஒரு காலை போதும். பதிவேட்டில் உள்ளவருக்கும் அவர் உரிமைக்கும் இடையிலான தொடர்பை அறுபடாமல் கொண்டுசெல்லவே ஆண்டுகள் ஆகின்றன.

7

இவ்வளவு கவனம் மிகையோ என்று தோன்றலாம். 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் நடந்தது அதற்கு விடை தரும். அங்கிருந்த மீக்கணினியின் சேமிப்பகத்தில் பழைய பதிவுக் கோப்புகளைத் துடைக்கும் ஒரு சிறு நிரலைப் புதுப்பித்தார்கள். பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இடத்தில் புதியது எழுதப்பட்டது. ஓடிக்கொண்டிருந்த நிரல் பாதியிலிருந்து புதிய வரிகளைப் படிக்கத் தொடங்கியது. எந்த அடைவைத் துடைக்க வேண்டும் என்று குறிக்க வேண்டிய சொல் வெற்றிடமாக இருந்தது. பழைய பதிவுகளுக்குப் பதிலாக ஆய்வாளர்களின் கோப்புகளே துடைக்கப்பட்டன. ஏறத்தாழ 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள். பதினான்கு ஆய்வுக்குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் நான்கு குழுக்களின் தரவுகளைக் காப்புப் படியிலிருந்தும் மீட்க முடியவில்லை.

யாரும் தீ வைக்கவில்லை. கருவி பழுதாகவும் இல்லை. பழையது முடிவதற்குள் புதியதை அதன் மேலேயே எழுதியதுதான் பிழை. கையில் இருந்த ஒரே ஓலையைச் சுரண்டிவிட்டு அதிலேயே படியெடுக்க முயன்றதைப்போல.

8

பெயர்ச்சிக்குக் கருவியின் முதுமை மட்டும் காரணமாவதில்லை. அதைத் தாங்கும் மென்பொருளின் மரணமும் காரணமாகிறது.

உலகெங்கும் எண்ணற்ற கொத்துக்கணினிகள் சென்ட்ஓஎஸ் என்னும் இலவச இயங்குதளத்தில் ஓடின. ரெட் ஹாட் நிறுவனத்தின் விலையுள்ள பதிப்புக்கு நிகராக, தன்னார்வலர்கள் 2004 முதல் கட்டித் தந்தது அது. 2014இல் அத்திட்டம் ரெட் ஹாட்டின் அரவணைப்புக்குள் வந்தது. 2020 டிசம்பர் 8 அன்று ஓர் அறிவிப்பு வெளியானது: 2029வரை ஆதரவு உண்டு என்று நம்பப்பட்ட எட்டாம் பதிப்பு 2021 டிசம்பர் 31 உடன் நின்றுவிடும். முந்தைய ஏழாம் பதிப்பும் 2024 ஜூன் 30 அன்று தன் காலத்தை முடித்துக்கொண்டது. ராக்ஸ் தொகுப்பு அதற்கும் முன்பே ஓய்ந்துவிட்டது; 2017 டிசம்பரில் வந்த ஏழாம் பதிப்பே அதன் கடைசிப் பெரும் பதிப்பு. அப்பதிப்பு நின்றதும் அதே சென்ட்ஓஎஸ் ஏழின் மீதுதான். கட்டடமும் போய், கட்டடம் நின்ற மனையும் போனது.

இந்த இழப்பிலிருந்தும் ஒரு தொடர்ச்சி முளைத்தது. 2001இல் வேர்வுல்ஃப் என்னும் கொத்துக்கணினி மேலாண்மை மென்பொருளை உருவாக்கியவரும் சென்ட்ஓஎஸ் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவருமான கிரெகரி குர்ட்சர், சென்ட்ஓஎஸ் நிற்கும் என்ற அறிவிப்பு வந்தவுடனேயே மாற்று ஒன்றைத் தொடங்கினார். 2021 ஜூனில் அதன் முதல் நிலையான பதிப்பு வெளிவந்தது. ராக்கி லினக்ஸ் என்பது அதன் பெயர். தம்மோடு சென்ட்ஓஎஸ் தொடக்கத்தில் உழைத்து, அதன் வெற்றியைப் பார்க்காமலே மறைந்துபோன ராக்கி மெக்காவின் நினைவாக அப்பெயரை இட்டதாகக் குர்ட்சர் கூறினார். தலைக்கணுக்களை அவர் கட்டியெழுப்பிய துறை, கட்டியவர்களின் பெயரை நினைவில் வைப்பது அரிது. இங்கே ஒருமுறை வைத்தது.

9

இனி எங்கள் ஊருக்கே வருவோம். திருநள்ளாற்றுக்குச் சனீசுவரரால் வந்த புகழுக்கு முற்பட்டதும் தமிழிலக்கியத்துக்கு நெருக்கமானதும் வேறொன்று. மதுரையில் சமணரோடு நிகழ்ந்த அனல் வாதத்தில் திருஞானசம்பந்தர் தம் பதிகங்களுள் ஒன்றை எடுத்துத் தீயிலிட்டார். அது கருகாமல் பசுமையாகவே வெளிவந்தது என்பது பெரிய புராணம் தரும் செய்தி. அந்தப் பதிகம் திருநள்ளாற்றுப் பதிகம். ஆகவே அதற்குப் பச்சைப் பதிகம் என்று பெயர்.

பக்தர்கள் அதை அற்புதமாகக் கொள்வர். சுவடிகளின் வரலாறு படிப்பவன் கேட்கும் கேள்வி சிறிது வேறு. தீயில் கருகாத அந்த ஓலை இன்று எங்கே? எங்கும் இல்லை. ஆனால் பதிகம் இருக்கிறது. வெப்பமும் ஈரமும் பூச்சியும் நிறைந்த நம் நாட்டில் ஓலையின் ஆயுள் சில நூற்றாண்டுகளுக்குமேல் போவதில்லை. பழைய ஓலை பொடியாகும் முன் யாரோ ஒருவர் அமர்ந்து புதிய ஓலையில் படியெடுத்திருக்கிறார். அதுவும் பொடியாகும் முன் இன்னொருவர். ஓதுவார்கள் குரலிலும் ஒரு படி ஓடிக்கொண்டிருந்தது. பெயர்ச்சி ஒருமுறை தவறியிருந்தாலும் பதிகம் இன்று நம்மிடம் இருந்திருக்காது.

தவறிய இடங்களும் உண்டு. தில்லையில் பூட்டிய அறையைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்தபோது ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது, எஞ்சியவை சிலவே என்பது திருமுறைகண்ட புராணம் கூறும் கதை. எல்லாப் படிகளையும் ஒரே அறையில் வைத்தால் என்னாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தமிழில் இல்லை. நேர்மாறான சான்றும் நம் பக்கத்திலேயே கிடைத்தது. ஏடுகள் எவற்றிலும் கிடைக்காத சம்பந்தர் பதிகம் ஒன்று திருவாரூர் மாவட்டத்துத் திருவிடைவாய்க் கோயிலில் கல்வெட்டாக இருந்து கண்டெடுக்கப்பட்டது. யாரோ ஒருவர் வேறொரு பொருளில், வேறொரு இடத்தில், ஒரு படி எடுத்து வைத்திருந்தார். கணினி நிர்வாகிகள் இன்று வலியுறுத்தும் காப்பு விதியும் இதுவே: படிகள் பல இருக்கட்டும், அவை வெவ்வேறு பொருள்களில் இருக்கட்டும், ஒன்றேனும் வேறு ஊரில் இருக்கட்டும்.

10

சுவடி எழுதியவர்களிடம் இருந்த ஒரு நல்ல வழக்கத்தைக் கூறி முடிக்கிறேன். படியெடுத்து முடித்ததும் கடைசி ஏட்டில் பலர் ஒரு குறிப்பு எழுதினார்கள். எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த நாள் எழுதி முடிந்தது, எழுதியவர் யார், சில ஏடுகளில் யாருக்காக எழுதியது, யாருடைய ஏட்டைப் பார்த்து எழுதியது என்பதும். பதிப்பாசிரியர்களுக்கு இன்று அந்தச் சில வரிகள் பொன். ஒரு பாடம் எந்த வழியில் வந்தது, எங்கே பிரிந்தது என்பதை அவற்றைக் கொண்டே அறிகிறார்கள்.

தலைக்கணுவின் பெயர்ச்சியில் மிகுதியாக இழக்கப்படுவது கோப்புகள் அல்ல. கோப்புகளைப் படியெடுக்கக் கருவிகள் உண்டு. இழக்கப்படுவது காரணங்கள். நாற்பத்தோராம் கணுவுக்கு மட்டும் ஏன் தனி அமைப்பு? இந்த நிரல் ஏன் ஒவ்வோர் ஞாயிறு இரவும் ஓடுகிறது? இந்தக் கணக்கை மூடக் கூடாது என்று யார் கூறினார்? விடைகள் எல்லாம் பத்தாண்டாக அதைக் கவனித்துவந்த ஒருவரின் நினைவில் இருக்கும். பல நிறுவனங்களில் அவர் ஒப்பந்த ஊழியராக இருப்பார். அல்லது தம் ஆய்வுக்கிடையே இப்பணியையும் சுமந்த ஒரு மாணவராக இருப்பார். அவர் பட்டம் பெற்றுப் போனதும் கணினி அப்படியே இருக்கும், அதன் காரணங்கள் போய்விடும். அடுத்து வருபவர் அஞ்சி எதையும் தொடாமல் விட்டுவைப்பார். ஒருநாள் தொட்டே ஆகவேண்டிய நிலை வரும்.

நம் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் புதிய கருவிகளின் தொடக்க விழாக்களை நன்றாகவே பதிவுசெய்கின்றன. கல்வெட்டுகூட வைக்கிறோம். அக்கருவி யாருடைய கையால் எத்தனை முறை ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குப் பெயர்ந்தது என்பதைப் பதிவுசெய்வதில்லை. கப்ருவைப்பற்றி ஆய்வுத்தாள்கள் உண்டு, தரவரிசை எண் உண்டு. அதைப் பல ஆண்டுகள் ஓடவைத்த அன்றாட உழைப்பின் வரலாறு தமிழில் எழுதப்பட வேண்டும். அதைக் கட்டியவர்களும் காத்தவர்களும் நம் காலத்தவர்கள். கேட்டு எழுதினால் சொல்லக்கூடியவர்கள்.

எனவே இத்துறையில் பணிபுரியும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை தலைக்கணுவைப் பெயர்க்கும்போது, எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு, ஓர் அரைமணி நேரம் அமர்ந்து ஒரு பக்கம் எழுதுங்கள். எந்தக் கணினியிலிருந்து எந்தக் கணினிக்கு, எந்த நாளில், எதை எடுத்துவந்தீர்கள், எதை வேண்டாமென்று விட்டீர்கள், ஏன். கடைசியில் உங்கள் பெயரையும் எழுதுங்கள். அந்தப் பக்கத்தைக் கணினிக்குள் மட்டும் வைக்காமல் தாளிலும் ஒரு படி எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.